சாவியைத் தொடுமுன் லைசென்ஸைப் பார்!

(செம்பவாங்கில் கூடிய தொழிலாளர் கூட்டத்தில், தோட்டக் கிராணியும் சங்க ஊழியருமான நம் அன்பர் ஒருவர் ஆற்றிய உரை இது. கூட்டத்துக்கு வர இயலாத பால்வெட்டுத் தொழிலாளர்களும் கிராணிமார்களும் படித்துப் பயன்பெறும் பொருட்டு முழுமையாக வெளியிடுகிறோம்.)



சங்கத்துக்காரர் மேடையேறினால் சம்பளம், போனஸ், வேலை நேரம் என்றுதான் பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் வேறு. வண்டியோட்டும் லைசென்ஸை எப்படிப் பெறுவது, பெற்றதை எப்படிக் காலாவதியாகாமல் காப்பது என்பதே இன்றைய பேச்சு. "இதற்கு ஒரு கூட்டமா?" என்று சிலர் நினைக்கலாம். கேட்டு முடித்த பிறகு அவசியமா இல்லையா என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

நாம் பாலத்துக்கு அப்பால் ஜொகூரிலிருந்து வருகிறோம். நமது வேலை செக்ரோல் எழுதுவது. காலைப் பிரட்டில் பேர் கொடுக்காதவனுக்குச் செக்ரோலில் பேர் இல்லை. செக்ரோலில் பேர் இல்லாதவன் அன்றைக்கு முந்நூறு மரம் வெட்டியிருந்தாலும் சம்பளம் கேட்க வழியில்லை. உழைப்பு உண்மைதான், வியர்வை உண்மைதான். ஆனால் ஏட்டில் பேர் இல்லையே! லைசென்ஸும் அப்படித்தான். ஒருவன் எவ்வளவு திறமையாக வண்டி ஓட்டினாலும், சர்க்கார் ஏட்டில் அவன் பேர் உரிய வகுப்பில், உரிய தேதிக்குள் இல்லையென்றால், சட்டத்தின் கண்ணுக்கு அவன் வண்டியோட்டத் தெரியாதவனே.

செம்பவாங்குக்கு வந்து இதைப் பேசுவதற்கும் காரணம் உண்டு. செம்பவாங் என்பதே ஒரு மரத்தின் பெயர். இந்த வட்டாரம் முழுவதும் ஒரு காலத்தில் ரப்பரும் அன்னாசியுமாக இருந்தது. லிம் நீ சூன் போன்ற பெருந்தோட்ட முதலாளிகள் வாழ்ந்த பக்கம் இது. பிறகு வெள்ளைக்காரன் இங்கே கடற்படைத் தளம் கட்டி 1938-இல் திறந்தான். தமிழரும் மலையாளிகளும் அந்தத் தளத்தில் ஆயிரக்கணக்கில் வேலை செய்தார்கள். 1971-இல் பிரிட்டிஷ் படைகள் சிங்கப்பூரை விட்டுப் போனபோது, தளத்தை நம்பியிருந்த குடும்பங்கள் பட்ட பாடு பெரியவர்களுக்கு நினைவிருக்கும். இன்று ரப்பர் மரமும் இல்லை, வெள்ளைக்காரன் கப்பலும் இல்லை. அடுக்கு மாடி வீடுகள் நிற்கின்றன, ரயில் ஓடுகிறது. ஆனால் விடியுமுன் எழுந்து வேலைக்குப் போகும் தமிழன் மட்டும் இன்னும் இருக்கிறான். அன்று பால் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தான். இன்று லாரியின் பின்தட்டில் உட்கார்ந்து போகிறான். அந்த லாரியை ஓட்டுகிறவனும் பெரும்பாலும் நம் பிள்ளைதான். ஆகவே லைசென்ஸ் நமக்குச் சங்க விஷயமே.

ஒரு தாய் கொண்டு வந்த கடிதம்

நமது ஆபீசுக்கு ஒரு நாள் பத்து மணிக்கு, வெட்டு முடித்து நிறுவைக்கு வந்த ஒரு தாய் முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஒரு கடிதத்தை நீட்டினார். "கிராணி ஐயா, பையன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பியிருக்கிறான். என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லுங்கள்" என்றார். அது கோர்ட்டிலிருந்து அவர் மகனுக்கு வந்த கடிதத்தின் நகல்.

அந்தப் பையனை நாம் சிறு வயதிலிருந்து அறிவோம். லயத்தில் பிறந்தவன், தமிழ்ப் பள்ளியில் படித்தவன். தோட்டத்து மண்ரோட்டில் மோட்டார் சைக்கிளும் பிறகு லாரியும் ஓட்டிப் பழகியவன். சிங்கப்பூரில் ஒரு கம்பெனியில் பொது வேலைக்குச் சேர்ந்தான். ஒரு நாள் டிரைவர் வரவில்லை. மேற்பார்வையாளர், "உனக்குத்தான் ஓட்டத் தெரியுமே" என்று சாவியைக் கையில் கொடுத்தார். ஒரு நாள் என்று சொன்னது மாதக் கணக்காயிற்று. ஓட்டுவதற்கென்று தனிச் சம்பளமும் இல்லை. பகல் முழுவதும் இரும்பு தூக்கிவிட்டு, காலையும் மாலையும் ஆட்களையும் ஏற்றிச் சென்றான்.

அவனிடம் இருந்தது மலேசிய லைசென்ஸ். அது காலாவதியாகி எட்டு மாதம் ஆனது அவனுக்கே தெரியாது. ஒரு மழை நாளில் விடியற்காலையில் லாரி சறுக்கி ஓரத்துத் தடுப்பில் மோதியது. பின்னால் இருந்த நாலு பேருக்குக் காயம். ஒருவருக்குக் கை முறிந்தது. விசாரணை வந்தபோது கம்பெனி சொன்ன பதில் ஒன்றுதான்: "அவனை ஓட்டச் சொல்லி நாங்கள் எழுதிக் கொடுக்கவில்லையே!"

உண்மை, எழுதிக் கொடுக்கவில்லை. வாயால் சொன்னதற்குச் சாட்சி சொல்ல வேண்டியவர்கள் எல்லாரும் அதே கம்பெனியில் வேலை செய்பவர்கள். பையன் அபராதம் கட்டினான், வேலையும் போயிற்று. தாய்க்கு நாம் கடிதத்தை வாசித்துச் சொன்னபோது அவர் கேட்ட கேள்வி இன்னும் காதில் நிற்கிறது. "ஐயா, அவன் நன்றாகத்தானே ஓட்டுவான்?" என்றார். நன்றாகத்தான் ஓட்டுவான், அம்மா. ஏட்டில் பேர் இல்லை.

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இந்தப் பேச்சு.

யாருக்கு எந்தச் சட்டம்?

முதலில் நீங்கள் யார் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஏனென்றால் எல்லாருக்கும் ஒரே சட்டம் இல்லை.

வெளிநாட்டு லைசென்ஸோடு இங்கு வந்து தங்கியிருப்பவர், அந்த லைசென்ஸ் உயிரோடு இருக்கும்வரை, 12 மாதம் வரை அதைக் கொண்டு ஓட்டலாம். அதற்கு மேல் ஓட்ட வேண்டுமானால் சிங்கப்பூர் லைசென்ஸ் வேண்டும். நிரந்தரவாசம் கிடைத்தவர் 3 மாதத்துக்குள் மாற்றிக்கொள்ள வேண்டும். வேலை அனுமதியில் வந்து, ஓட்டுவதையே தொழிலாகச் செய்பவருக்கு 6 மாதம்தான் தவணை. அதற்குள் உரிய தேர்வுகளில் தேறி இங்குள்ள லைசென்ஸ் எடுத்தாக வேண்டும்.

"நான் பத்து வருஷம் ஊரில் ஓட்டியவன்" என்று சொல்வதில் பயனில்லை. வெளிநாட்டுக் கார் லைசென்ஸை இங்கே மாற்றுவதற்கும் அடிப்படை எழுத்துத் தேர்வில் தேற வேண்டும். அதன் பிறகே பழைய லைசென்ஸ், பாஸ்போர்ட், வேலை அனுமதி முதலியவற்றைக் காட்டி விண்ணப்பிக்கலாம். லைசென்ஸ் ஆங்கிலத்தில் இல்லையென்றால் அதிகாரபூர்வமான மொழிபெயர்ப்பும் வேண்டும். காலாவதியான லைசென்ஸை யாரும் மாற்றித் தரமாட்டார்கள். ஆகவே ஊர் லைசென்ஸ் செத்துப் போகுமுன் இந்த வேலையை முடியுங்கள்.

புதிதாக எடுப்பவர் ஏற வேண்டிய படிகள்

சிங்கப்பூரில் லைசென்ஸ் கொடுப்பது போக்குவரத்துப் போலீஸ். அதன் தலைமையகம் உபியில் இருக்கிறது. பழகுவதற்கு மூன்று பெரிய பயிற்சி நிலையங்கள் உள்ளன. ஒன்று புக்கிட் பாத்தோக்கில், ஒன்று உபியில், ஒன்று உட்லண்ட்ஸில். செம்பவாங்கில் இருப்பவர்களுக்கு உட்லண்ட்ஸ்தான் பக்கம். லைசென்ஸ் பெற்ற தனிப் பயிற்சியாளரிடமும் பழகலாம். கூட வேலை செய்யும் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுப்பது இங்கே செல்லாது.

வயது 18 நிறைந்திருக்க வேண்டும். கண் பார்வை சரியாக இருக்க வேண்டும். 25 மீட்டர் தூரத்தில் நிற்கும் வண்டியின் நம்பரைப் படிக்கத் தெரிய வேண்டும். இருட்டில் தலைவிளக்கு வைத்து வருஷக் கணக்காய் மரம் வெட்டிய கண்கள் நம்முடையவை. கண்ணாடி தேவைப்பட்டால் போட்டுக்கொள்வதில் வெட்கம் எதற்கு?

முதற்படி அடிப்படை எழுத்துத் தேர்வு. கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து 50 கேள்விகளுக்கு 50 நிமிடத்தில் பதில் சொல்ல வேண்டும். 45 சரியாக இருந்தால்தான் தேர்ச்சி. ஐந்து தவறு வரை பொறுப்பார்கள், ஆறாவது தவறு வந்தால் இன்னொரு நாள் வர வேண்டும்.

இரண்டாவது படி பழகுநர் லைசென்ஸ். அடிப்படைத் தேர்வில் தேறியவர் இதற்கு விண்ணப்பிக்கலாம். கட்டணம் 25 வெள்ளி. கட்டணங்கள் மாறக்கூடியவை ஆகையால் கட்டுமுன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இது கையில் இல்லாமல் ரோட்டில் பழகக் கூடாது. பழகும்போது வண்டியில் 'எல்' பலகை மாட்டியிருக்க வேண்டும்.

மூன்றாவது படி பயிற்சி. 2019 டிசம்பரிலிருந்து, ரோட்டில் இறங்குவதோடு, வண்டி போலவே அமைத்த பாவனை இயந்திரத்தில் உட்கார்ந்து பழகுவதும் கட்டாயம். விபத்து நேரக்கூடிய சந்தர்ப்பங்களைத் திரையில் காட்டுவார்கள். அங்கே மோதினால் யாருக்கும் காயமில்லை. ஆகவே அங்கேயே மோதிப் பாடம் படித்துக்கொள்ளுங்கள்.

நான்காவது படி இறுதி எழுத்துத் தேர்வு. அதிலும் 50 கேள்வி, 45 சரியாக வேண்டும். முதல் தேர்வு சாலை விதிகளையும் அடையாளங்களையும் கேட்கும். இந்தத் தேர்வு ஓட்டும் முறையை, ஆபத்தை முன்கூட்டி உணரும் அறிவைக் கேட்கும்.

ஐந்தாவது படி ஓட்டிக் காட்டும் தேர்வு. களத்துக்குள் மேட்டில் நிறுத்தி எடுக்க வேண்டும், குறுகிய வளைவில் திருப்ப வேண்டும், 'எஸ்' வளைவில் போக வேண்டும், பக்கவாட்டிலும் நேராகவும் வண்டியை நிறுத்த வேண்டும். பிறகு பொதுச் சாலையில் ஓட்ட வேண்டும். தவறு செய்தால் குறைப் புள்ளி எழுதுவார்கள். ஆபத்தான தவறு ஒன்று செய்தாலே தோல்விதான். நம்மவர்கள் பெரும்பாலும் தோற்பது ஓட்டத் தெரியாமல் அல்ல. தலையைத் திருப்பிப் பார்க்காததால் தோற்கிறார்கள். தோட்டத்து ரோட்டில் பக்கத்தில் வருவது மாடாகத்தான் இருக்கும். இங்கே மோட்டார் சைக்கிள் வரும்.

இதில் தேறிய பிறகு லைசென்ஸுக்குப் பணம் கட்ட வேண்டும். பணம் கட்டி, லைசென்ஸ் உங்கள் பேரில் ஏறிய பிறகே தனியாக ஓட்டலாம். "பாஸ் பண்ணிவிட்டேன்" என்று அன்றைக்கே சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பக் கூடாது.

தமிழில் எழுதலாம், தோழர்களே!

ஒரு முக்கியமான சங்கதி. எழுத்துத் தேர்வை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்று பலர் பயந்து ஒதுங்குகிறார்கள். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. தேர்வைத் தமிழிலும் எழுதலாம். பதிவு செய்யும்போதே எந்த மொழி என்று கேட்டுப் பதிய வேண்டும். பாலத்துக்கு அப்பாலும் அப்படித்தான். மலேசியாவில் சாலைப் போக்குவரத்து இலாகாவின் எழுத்துத் தேர்வையும் தமிழில் எழுதலாம். அங்கே 50 கேள்விகளில் 42 சரியாக இருந்தால் தேர்ச்சி.

நாமும் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்களே. ஆங்கிலப் படிவம் என்றால் நமக்கும் ஒரு காலத்தில் கை நடுங்கியது. ஆனால் சாலை விதிகளில் நமக்குப் புரியாத தத்துவம் ஒன்றும் இல்லை. இரவில் சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம், ஒருவர் கேள்வி வாசிக்க மற்றவர் பதில் சொல்லிப் பழகினால் ஒரு மாதத்தில் தேறலாம். விடுதியில் நாலு பேர் சேர்ந்து படித்தால் நாலு பேரும் தேறலாம். தாய்மார்களுக்கும் சகோதரிகளுக்கும் சொல்கிறோம், இது ஆண்பிள்ளை விவகாரம் என்று ஒதுங்காதீர்கள். லைசென்ஸ் உள்ள பெண்ணுக்கு வெட்டுக்காட்டைத் தவிர வேறு வேலைக் கதவும் திறக்கும்.

"குறுக்கு வழி இருக்கிறது, பணம் கொடு, தேர்வு இல்லாமல் லைசென்ஸ் வாங்கித் தருகிறேன்" என்று எவனாவது வந்தால், அவனிடம் ஒரு காசும் கொடுக்காதீர்கள். அவன் தருவது கள்ள அட்டை. பணமும் போகும், சிறையும் வரும்.

வகுப்பு தெரியாமல் வண்டி தொடாதே

லைசென்ஸ் என்றால் எல்லா வண்டிக்கும் ஒன்று என்று நினைக்க வேண்டாம். 200 சி.சி. வரை உள்ள மோட்டார் சைக்கிளுக்கு 2பி வகுப்பு. காருக்கும், வெற்று எடை 2,500 கிலோவுக்கு மேற்படாத சிறு லாரிக்கும் 3-ஆம் வகுப்பு. 3ஏ என்று போட்டிருந்தால் தானியங்கி கியர் வண்டி மட்டும். காரை மட்டும் ஓட்டுவதற்கென்று 3சி வகுப்பு ஒன்றும் உண்டு. அதை வைத்துக்கொண்டு லாரிச் சாவியை வாங்காதீர்கள். 2,500 கிலோவுக்கு மேல் 7,250 கிலோ வரை 4-ஆம் வகுப்பு. அதற்கும் மேலே 5-ஆம் வகுப்பு.

வெட்டுக் கத்தி ஒன்றுதான். ஆனால் இளமரத்துக்கு வெட்டும் விதம் வேறு, முதுமரத்துக்கு வெட்டும் விதம் வேறு. பழக்கமில்லாதவன் பட்டையைக் காயப்படுத்துவான், மரம் பாழாகும். வண்டியிலும் அப்படித்தான். காயப்படுவது இங்கே மனிதர்கள்.

உரிய லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் இப்போதைய சட்டப்படி 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். இதை ஓட்டுகிறவன் மட்டும் தெரிந்துகொண்டால் போதாது. லைசென்ஸ் இல்லாதவனை ஓட்ட அனுமதிப்பவருக்கும் சட்டம் தண்டனை வைத்திருக்கிறது. வண்டி இன்ஷூரன்ஸ் பத்திரங்களும் பொதுவாக உரிய லைசென்ஸ் உள்ளவரையே ஒப்புக்கொள்கின்றன.

ஆகவே மேற்பார்வையாளர் சாவியை நீட்டினால் மரியாதையாகச் சொல்லுங்கள்: "ஐயா, என் லைசென்ஸ் இந்த வண்டிக்குச் செல்லாது. செல்லும் என்றால் எழுதிக் கொடுங்கள்." எழுதிக் கொடுக்க அவர் கை வராது. அந்தக் கை பின்வாங்குவதைப் பார்த்தாலே உங்களுக்கு உண்மை விளங்கிவிடும்.

பின்தட்டில் இருப்பவர்களின் உயிர்

2021 ஏப்ரல் 20-ஆம் தேதியை நினைவுபடுத்துகிறோம். அன்று விடியற்காலையில் பான் ஐலண்ட் விரைவுச்சாலையில், 17 தொழிலாளர்களை ஏற்றிச் சென்ற லாரி, நின்றிருந்த ஒரு டிப்பர் லாரியின் மீது மோதியது. இருவர் உயிரிழந்தார்கள். ஒருவர் இந்தியர், ஒருவர் வங்காளதேசத்தவர். வேலைக்குப் போகும் வழியில் போன உயிர்கள் அவை.

அதன் பிறகு விதிகள் இறுக்கப்பட்டன. 2023 ஜனவரி 1 முதல், ஆட்களை ஏற்றும் லாரியில் மழை மறைப்பு இருக்க வேண்டும். டிரைவருக்குத் துணையாக ஒருவர் நியமிக்கப்பட வேண்டும். டிரைவர் தூங்கி வழிகிறாரா, வேகமாகப் போகிறாரா என்று பார்ப்பது அவர் கடமை. பகல் முழுவதும் வேறு வேலை பார்த்து, வண்டியும் நெடுநேரம் ஓட்டிய ஒருவர், ஆட்களை ஏற்றிச் செல்லுமுன் 30 நிமிடமாவது ஓய்வு எடுக்க வேண்டும். எத்தனை பேர் ஏறலாம் என்ற எண்ணிக்கை லாரியில் எழுதியிருக்க வேண்டும். அதற்கு மேல் ஒருவரும் ஏறக் கூடாது. 2023-இல் பல அமைப்புகள், ஆட்களை லாரியில் ஏற்றுவதையே தடை செய்ய வேண்டும் என்று கேட்டன. உடனே தடை செய்வது நடைமுறைக்கு ஒவ்வாது என்று அரசாங்கம் பதிலளித்தது. நமது அபிப்பிராயத்தில் மனிதனுக்கு உரிய இடம் இருக்கையும் இடுப்பு வாரும் உள்ள பஸ்தான். அந்த நாள் வரும்வரை, இருக்கிற விதியையாவது எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றச் சொல்லிக் கேட்போம்.

அந்த 30 நிமிடம் தர்மம் அல்ல, விதி. டிரைவர் தம்பி களைத்திருந்தால் "கொஞ்சம் படு, நாங்கள் காத்திருக்கிறோம்" என்று பின்னால் இருப்பவர்களும் சொல்ல வேண்டும். "சீக்கிரம் போ, சாப்பாடு ஆறிப்போகும்" என்று அவசரப்படுத்துவது நம் உயிரை நாமே விரட்டுவதாகும்.

விபத்து நேர்ந்துவிட்டால் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் இருக்கிறது. முதலாளி ஏற்பாடு செய்த வண்டியில் வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ காயம்பட்டாலும் அதன்படி இழப்பீடு கேட்கலாம். யார் மீது குற்றம் என்று நிரூபிக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் ஓராண்டுக்குள் கேட்க வேண்டும். மருத்துவச் சீட்டு, எக்ஸ்ரே, லாரி நம்பர், கூட இருந்தவர்களின் பேர் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். நாம் சொன்ன பையனின் லாரியில் கை முறிந்தவர் அந்தச் சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருந்தார்.

புதுப்பிக்கும் தேதியை மறவாதே

இனி புதுப்பிப்பது. எடுத்த லைசென்ஸைக் கோட்டை விடுகிறவர்கள்தான் நம்மில் அதிகம்.

சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் லைசென்ஸ் ஒரு குறிப்பிட்ட மூத்த வயது வரை செல்லும். அதற்குப் பிறகு தொடர்ந்து ஓட்ட விரும்பினால், 3 ஆண்டுக்கு ஒருமுறை டாக்டரிடம் உடல், கண் பரிசோதனை செய்து சான்று காட்ட வேண்டும். கனரக வண்டி ஓட்டுபவர்களுக்கு விதி இன்னும் கடுமையானது. வெளிநாட்டவருக்கு லைசென்ஸ் 5 ஆண்டு செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். வேலை அனுமதி ஒரு தேதியில் முடிகிறது, லைசென்ஸ் வேறு தேதியில் முடிகிறது. ஒன்றைப் புதுப்பித்ததால் மற்றதும் புதுப்பித்தாயிற்று என்று எண்ணி ஏமாந்தவர்கள் உண்டு. சிங்பாஸ் வைத்திருப்பவர் தம் கைப்பேசியிலேயே லைசென்ஸின் நிலையைப் பார்த்துக்கொள்ளலாம்.

மலேசிய லைசென்ஸ் வைத்திருப்போர் கவனியுங்கள். கார் லைசென்ஸுக்கு ஆண்டுக்கு 30 ரிங்கிட், மோட்டார் சைக்கிளுக்கு 20 ரிங்கிட். ஓராண்டிலிருந்து 10 ஆண்டு வரை ஒரே தடவையில் கட்டலாம். காலாவதியாகி 3 ஆண்டுக்கு மேல் விட்டால், மறுபடியும் முதலிலிருந்து தேர்வு எழுத வேண்டியதுதான். புதிதாக எடுத்த 'பி' லைசென்ஸ் 2 ஆண்டு முடிந்ததும் முழு லைசென்ஸாக மாற்றப்பட வேண்டும். அதைக் காலாவதியாகி ஓராண்டுக்கு மேல் விட்டாலும் இதே கதிதான். 30 ரிங்கிட் மிச்சம் என்று நினைத்தவன் பிறகு பயிற்சிப் பள்ளிக்கு ஆயிரக் கணக்கில் கொட்டுவதை நாம் கண்டிருக்கிறோம். தவணை நாள் தாண்டாமல் பார்த்துக்கொள்வதே லாபம்.

லைசென்ஸைத் தேதி மட்டும் கொல்வதில்லை, புள்ளிகளும் கொல்லும். சிங்கப்பூரில் புது டிரைவருக்கு முதல் ஓராண்டு சோதனைக் காலம். வண்டியின் முன்னும் பின்னும் ஆரஞ்சு நிற முக்கோண அடையாளம் ஒட்ட வேண்டும். அந்த ஓராண்டில் 13 குறைப் புள்ளி சேர்ந்தால் லைசென்ஸ் ரத்து. மறுபடியும் எல்லாத் தேர்வும் எழுத வேண்டும். மற்றவர்களுக்கு 24 மாதத்தில் 24 புள்ளி சேர்ந்தால் லைசென்ஸ் தற்காலிகமாக நிறுத்தப்படும். முதலாளியின் அவசரத்துக்காகச் சிவப்பு விளக்கைத் தாண்டினால், புள்ளி விழுவது முதலாளியின் பேரில் அல்ல. உங்கள் பேரில்.

கிராணிமார்களுக்கும் சங்கத்துக்கும்

கிராணிமார்களே, உங்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். உங்கள் மேசையில் செக்ரோல் இருக்கிறது, ஒட்டுப்பால் கணக்கு இருக்கிறது. அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு சிறு நோட்டுப் புத்தகமும் வையுங்கள். தோட்டத்தில் வண்டி ஓட்டும் ஒவ்வொருவர் பேர், லைசென்ஸ் வகுப்பு, முடியும் தேதி, இவ்வளவு போதும். மாதம் ஒருமுறை புரட்டிப் பார்த்து, மூன்று மாதத்தில் முடியப் போகிறவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். நாம் அந்தத் தாயின் கடிதத்தைப் படித்த மறுநாளே இந்த நோட்டைத் தொடங்கினோம். முதல் மாதத்திலேயே ஏழு பேரின் லைசென்ஸ் காலாவதியாகியிருந்தது தெரிந்தது. அதில் ஒருவர் நிர்வாகத்தின் லாரியைத் தினமும் ஓட்டுபவர்! நாம் இந்த நோட்டை இரண்டு ஆண்டு முன்னதாகத் தொடங்கியிருந்தால், அந்தப் பையன் தோட்டத்தை விட்டுப் போகுமுன் "தம்பி, உன் லைசென்ஸ் எப்போது முடிகிறது?" என்று கேட்டிருப்போம். அது நமது குறை, மறைக்கவில்லை.

சங்கத்தின் சார்பில் முதலாளிமார்களிடம் நாம் கேட்பது மூன்று. நிர்வாகத்துக்காக வண்டி ஓட்டுகிறவனின் லைசென்ஸ் கட்டணத்தையும் தேர்வுக் கட்டணத்தையும் நிர்வாகமே ஏற்க வேண்டும். தேர்வு எழுதப் போகும் நாளைச் சம்பளத்தோடு கூடிய விடுப்பாகத் தர வேண்டும். ஓட்டும் வேலைக்கு ஓட்டும் சம்பளம் தர வேண்டும். பொது வேலைக்காரனின் கையில் சாவியைத் திணித்து டிரைவர் சம்பளத்தை மிச்சப்படுத்தும் கணக்கு இனி நடக்கக் கூடாது.

இவற்றைக் கேட்கும் தகுதி நமக்கு வர வேண்டுமானால், நம் பக்கம் குறை இருக்கக் கூடாது. காலாவதியான லைசென்ஸை வைத்துக்கொண்டு உரிமை பேசினால் எதிரில் இருப்பவர் முதலில் அதைத்தான் காட்டுவார்.

தோழர்களே, இன்று இரவு விடுதிக்கோ வீட்டுக்கோ போனதும் செய்ய வேண்டியது ஒன்றே. உங்கள் லைசென்ஸை எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் தேதியையும் வகுப்பையும் படியுங்கள். படிக்கத் தெரியாத அண்ணன் பக்கத்தில் இருந்தால் அவருடையதையும் வாங்கிப் படித்துச் சொல்லுங்கள். தேதி முடிந்திருந்தால் நாளைக் காலையில் சாவியைத் தொடாதீர்கள்.

அந்தத் தாய் இன்றும் வெட்டுக்குப் போகிறார். பையன் ஊருக்குத் திரும்பி, மறுபடி பயிற்சிப் பள்ளியில் சேர்ந்திருக்கிறான். எழுத்துத் தேர்வைத் தமிழில் எழுதித் தேறிவிட்டான். போன வாரம் நிறுவைக்கு வந்தபோது தாய் நம்மிடம் சொன்னார்: "இந்தத் தடவை தேதியை நான் மனப்பாடம் பண்ணி வைத்துக்கொள்கிறேன், ஐயா." நாம் அவன் பேரையும் நோட்டில் எழுதிக்கொண்டோம்.